கேரளா கேட்டவளுக்கு மாடம்பாக்கம்

ஏசி மெக்கானிக்குக்கு மழைதான் லீவு. சித்திரையிலும் வைகாசியிலும் உட்கார்ந்து சோறு தின்ன நேரம் இருக்காது. ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்துவிட்டால் போன் ஊமையாகிவிடும். ஊரெல்லாம் டூர் கிளம்புகிற மே மாதத்தில் நான் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது வெந்துகொண்டிருப்பேன். சரி, மழையில் போகலாம் என்றால் அதுவும் நடக்காது. எங்கள் வீடு தாம்பரத்துக்கு அடுத்த பீர்க்கன்கரணையில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வந்து நலம் விசாரிக்கும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கவும் மெத்தையைச் சுருட்டி மாடிப்படியில் ஏற்றவும் வீட்டில் ஆள் வேண்டும்.

"உங்க தொழில் வெயில்ல ஓடுது, நம்ம வீடு மழையில ஓடுது. நடுவுல நான் எங்கங்க போறது?" என்பாள் என் மனைவி.

இப்படிப் பேசுகிறவர்களிடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மயக்கம் உண்டு. நான் எட்டாவதோடு நின்றவன். தொழிலைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன், பேச்சைக் கஸ்டமர் வீடுகளில் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டேன். சேலையூரில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் இருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போதே, "ஏசி மெக்கானிக்கும் டாக்டரும் வாயைத் திறக்காத வரைக்கும்தாம்ப்பா நமக்கு நிம்மதி" என்பார். அன்றைக்கெல்லாம் அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. மெஷினைத் திறந்து பார்த்துச் சின்னக் கோளாறு என்றால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். கம்ப்ரஸரே போய்விட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்றால் மட்டும் உடனே வாய் வராது. கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா" என்று கேட்பேன். வீட்டம்மா உள்ளே போய் எடுத்து வருவதற்குள் மனதுக்குள் வார்த்தையை அடுக்கிக்கொள்வேன். முழுக்கக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வேன். எனக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஆரம்ப காலத்தில் ஆள் வைக்க வசதியில்லாதபோது ஏணி பிடிக்க என் மனைவிதான் கூட வருவாள். கண்டுபிடித்தது அவள்தான். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டில் தண்ணி கேட்டாலும் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொள்வாள்.

விஷயத்தைச் சொன்னதும் எல்லாக் கஸ்டமரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சரிங்க, இது உங்க வீட்டு மெஷினா இருந்தா என்ன பண்ணுவீங்க?" அதற்கு நான் யோசிக்கவே மாட்டேன். "என் வீட்டுதா இருந்தா இனிமே இதுல கை வைக்க மாட்டேன் சார்" என்று பட்டென்று சொல்லிவிடுவேன்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் கழிந்திருந்தது. அப்போது எதையும் அவளிடம் மறைக்கவில்லை. மருந்து ஏற்றியபோது தலைமுடி போனது, வாயெல்லாம் புண்ணானது, மோர்கூட எரிகிறது என்று அழுதாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, "இன்னொரு தரம் இந்த மருந்துன்னா எனக்கு வேணாங்க" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் முடி வளர்ந்தது. பூ வைக்கிற அளவுக்கு வளர்ந்தது. நாங்களும் அந்தப் பேச்சை மறந்துவிட்டோம்.

போன வருஷம் ஆவணியில் முதுகு வலி என்றாள். தைலம் தேய்த்தோம். புரட்டாசியில் படியேற முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஐப்பசி பிறந்து ரிசல்ட் சொல்கிற அன்று டாக்டர் அவளை எடை பார்க்க நர்ஸோடு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் உட்காரச் சொன்னார். நம் பக்கத்தில் இதுதானே வழக்கம். நோய் ஒருத்தர் உடம்பில் இருக்கும், சேதியை வேறொருத்தர் காதில் போடுவார்கள்.

பழைய நோய் திரும்பி வந்து எலும்பில் இருக்கிறது, ஈரலிலும் இருக்கிறது என்றார். மறுபடி மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் குணமாகாது, மருந்துக்கு நோய் கேட்டால் சில மாதம் தள்ளிப் போகலாம், கேட்காமலும் போகலாம் என்றார். அவர் தன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தினார்.

"அவங்களுக்கு எவ்வளவு சொல்றது, எப்ப சொல்றதுங்கறது உங்க இஷ்டம். அடுத்த திங்கக்கிழமை அட்மிட் பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி பக்கத்துல எங்கயாவது கூட்டிட்டுப் போய் சந்தோஷமா வச்சிருந்து கூட்டிட்டு வாங்க. ரொம்ப தூரம் வேணாம்."

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகளுக்குப் போன் செய்தேன். அழுது முடித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. சொன்னா அப்படியே உடைஞ்சிடுவாங்க. மருந்தும் வேணாம்னுடுவாங்க" என்றாள். அவள் தாய்மாமனும் அதையே சொன்னார். முதுகெலும்பு தேய்மானம், கால்சியம் ஏற்றப் போகிறார்கள் என்று சொல்வதாக முடிவாயிற்று. திங்கட்கிழமை ஊசி ஏறுகிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வாயாடியே பிழைத்தவனுக்கு வாயைக் கட்டுகிற வேலை.

"டூர் போலாமா?" என்று நான் கேட்டபோது அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"நிஜமாவா? அப்ப கேரளா போலாங்க. போட்லயே வீடு மாதிரி இருக்குமாமே. அதுல படுத்துக்கிட்டு மழையைப் பாக்கணும்."

"கேரளா தூரம். இங்க பக்கத்துல மாடம்பாக்கத்துல டீச்சரம்மா வீடு சும்மாதான் இருக்கு. அங்க போலாம்."

டீச்சரம்மா என் பழைய கஸ்டமர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். ஏரிக்கரையை ஒட்டித் தென்னையும் வாழையுமாகத் தோட்டம் வைத்து வீடு கட்டியிருந்தார். போனில் கேட்டதும், "தாராளமா போய் இருங்க, அப்படியே அந்த ஏசியையும் பாருங்க" என்றார்.

என் மனைவி அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கேரளா கேட்டா மாடம்பாக்கமா? தாம்பரம் பாலம் தாண்டினா பாஸ்போர்ட் கேப்பாங்களாங்க?" சிரித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம், "சரி, மாடம்பாக்கமே போலாம்" என்றாள். எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைத்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து, பாலம் ஏறி இறங்கி, கேம்ப் ரோட்டில் முழங்கால் அளவுத் தண்ணியில் நீந்தி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் பாதி உடம்பு நனைந்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா குடையோடு வந்து கேட்டைத் திறந்தார். பக்கத்திலேயே குடியிருப்பவர். எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவர்.

"வாங்க வாங்க. டூருக்கு வராங்கன்னு டீச்சரம்மா சொல்லிச்சு. இங்க இன்னாத்த பாக்க வந்தீங்க? கீறதே தவளையும் தண்ணியுந்தான்."

"தவளையையே பாக்கறோம்க்கா. எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்த ஃபாரின் இதுதான்" என்றாள் என் மனைவி.

இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே ஒட்டிக்கொண்டது.

உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் சுகமாகத்தான் இருந்தது. முன்பக்கம் கம்பி போட்ட வராந்தா. அதில் இரண்டு பிரம்பு நாற்காலி. தென்னை மட்டைகளுக்கு நடுவே ஏரி தெரியும். மழை வலுத்தால் ஏரி மறைந்துவிடும், குறைந்தால் திரும்பி வரும். அந்த அக்கா காலையில் இளநீர் சீவிக் கொடுப்பார், மத்தியானம் ஏரி மீன் குழம்பு, சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி. தோட்டத்து வாழைக்காய். பகலில் தூங்குவதைக் குற்றம்போல நினைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள். அங்கே சாப்பிட்ட கையோடு படுத்தோம்.

அவள் மழைகளுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தாள். விடியற்காலையில் வந்து உடனே போய்விடுவது பால்காரன் மழை. இடியெல்லாம் இடித்துவிட்டு நாலு சொட்டோடு நின்றுவிடுவது சம்பந்தி மழை, சத்தம்தான் பெரிசு. போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே சாயங்காலம்வரை தூறிக்கொண்டிருப்பது வாடகைக்காரன் மழை. அந்த அக்கா தன் பங்குக்கு, "வூட்டுக்காரன் மழைன்னு ஒண்ணு கீதும்மா. வரவே வராது, வரேன்னு போன் மட்டும் வரும்" என்றார். அவர் புருஷன் வெளியூரில் கட்டட வேலைக்குப் போனவன். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

சிரித்து முடித்ததும் அவள் கை இடுப்புக்குப் பின்னால் போகும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் புடவையைச் சரி செய்வதுபோல இழுத்து விட்டுக்கொள்வாள். எங்கே உட்கார்ந்தாலும், வீட்டிலிருந்து கொண்டு வந்த எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் நிரப்பி, மேலே டம்ளரைக் கவிழ்த்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். வலி மாத்திரைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் மாடம்பாக்கம் கோயிலுக்கு நடந்தோம். பிராகாரம் சுற்றப் போனவள் பாதியில் ஒரு கல்தூணில் சாய்ந்துகொண்டாள். "இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே இருக்கே, இதுக்கெல்லாம் முதுகு வலிக்காதாங்க?" என்று தூணைத் தட்டிக் கேட்டாள். மீதிச் சுற்றை என்னைப் போய்ச் சுற்றிவிட்டு வரச் சொன்னாள். சுற்றினேன். சாமிகிட்டே என்ன கேட்பது என்றே எனக்கு ஓடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஏசியைத் திறந்தேன். ஸ்விட்ச் போட்டால் கொர்ரென்று கத்திவிட்டு நின்றுபோகிறது என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். சும்மா உட்கார்ந்தால் என் வாய் எதையாவது சொல்லிவிடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த அவுட்டோர் யூனிட்டைத் திறந்தேன். அவள் பழைய நாள் மாதிரி பக்கத்தில் நின்று குடை பிடித்தாள். மின்சாரம் போய்ச் சேர்கிறது, ஆனால் கம்ப்ரஸர் உள்ளேயே இறுகிப்போய்விட்டது. தட்டிப் பார்த்தேன். வேறு வழியில் ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றேன்.

குடை ஆடியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போச்சு! டீச்சரம்மா ஏசி போச்சு!"

அந்த அக்காவுக்குப் புரியவில்லை. அவள் ஏணி பிடித்த காலத்துக் கதையெல்லாம் சொல்லி விளக்கினாள்.

"அடப்பாவி! தண்ணி கேட்டா இம்மாம் பெரிய சேதியா? அப்ப இந்த அண்ணனுக்குத் தண்ணியே குடுக்கக் கூடாது" என்றார் அந்த அக்கா.

"கொடுத்துடணும்க்கா. இல்லன்னா உள்ளயே வச்சிக்கிட்டுத் திணறுவாரு" என்றாள் என் மனைவி. அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நான் மூடியைப் பூட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். பேச ஏரிக்கரைக்குப் போனேன். குடை இருந்தும் நனைந்தேன். "சொல்லிடலையேப்பா? இன்னும் நாலு நாள்தான். உள்ள அட்மிட் பண்ணினப்புறம் மெதுவா பாத்துக்கலாம்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம்போலச் சொன்னேன். திரும்பி வந்தபோது என் மனைவி துண்டை எடுத்துக் கொடுத்து, "பொண்ணு என்ன சொல்றா?" என்றாள். "சும்மாதான், மழை எப்படின்னு கேட்டா" என்றேன். "பெங்களூர்ல மழை இல்லையாமா?" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வாடகைக்காரன் மழை. அந்த அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வராந்தாவில். அவள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் சொம்பு. நடுவில் ஒரு தட்டில் வேகவைத்த வேர்க்கடலை. ஏரி நிரம்பித் தோட்டத்தின் கடைசி வாழை வரைக்கும் தண்ணீர் வந்திருந்தது.

"போட்ல போனாலும் இப்படித்தான் இருக்கும், இல்லங்க? சுத்தித் தண்ணி. என்ன, நாம நகரல" என்றாள்.

நான் கடலையை உரித்து வாயில் போட்டேன். அது தொண்டையில் நின்றது. அந்தக் கடலைதான் நின்றதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினாள். என்னிடம் நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்த மெஷினுக்கு?"

"என்ன மெஷின்? கடலை அடைச்சிக்கிச்சு."

"வந்ததுலேருந்து இந்தச் சொம்பை நெறச்சு நெறச்சுப் பக்கத்துலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க கேப்பீங்கன்னு. கேக்கவே மாட்டேங்கறீங்க. நேத்து அந்த அக்காகிட்ட கேக்கறீங்க, என்கிட்ட கேக்க மாட்டேங்கறீங்க."

நான் தட்டிலிருந்த கடலைத் தோலை ஒதுக்கினேன்.

"கேரளான்னேன், மாடம்பாக்கம்னீங்க. அப்பவே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போற தூரத்துல யாருங்க டூர் போடுவா?" டம்ளரை என் கையில் வைத்தாள். "குடிங்க. குடிச்சிட்டு சொல்லுங்க. கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரியே சொல்லுங்க. இழுக்கக் கூடாது."

குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். சொன்னேன்.

"தேய்மானம் இல்லம்மா. பழசு திரும்பி வந்திருக்கு. எலும்புல இருக்கு, ஈரல்லயும் இருக்கு. திங்கக்கிழமை போடப்போறது கால்சியம் இல்ல, அதே மாதிரி மருந்துதான். அது கேக்கலாம், கேக்காமலும் போகலாம்னாரு. கேட்டாலும் குணமாகாதுன்னாரு. கொஞ்ச மாசம் தள்ளிப் போகுமாம்."

அவள் ஏரியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். ஒரு தவளை வராந்தாப் படியில் ஏறி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தது.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்க அண்ணனுக்கு?"

"தெரியும்."

"இந்த அக்காவுக்கு?"

"தெரியாது."

"அப்பாடா. அவங்க ஒருத்தராவது என் கட்சி." பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அந்த மருந்து உள்ள போனதும் நாக்குல இரும்பைச் சப்பற மாதிரி ஒரு ருசி வரும். அது எனக்கு மறந்திருக்கும்னு நெனச்சீங்களா? படுக்க வச்சுக் குத்தினப்புறம், கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த ருசியில நானா தெரிஞ்சிக்கணுமா? பக்கத்துல நீங்க மூணு பேரும் நின்னுக்கிட்டு, கால்சியம்மா கால்சியம்மான்னு சொல்லுவீங்க. அதானே?"

தவளை குதித்துப் போய்விட்டது. மழை அதே அளவில் தூறிக்கொண்டிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சரி. இது உங்க வீட்டு மெஷினா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

எத்தனை வீட்டு வாசலில் நின்று எவ்வளவு வேகமாகப் பதில் சொன்ன கேள்வி அது. மருந்து ஏற்றலாம் என்று சொன்னால் மறுபடி அந்தப் புண்ணும் அழுகையும். வேண்டாம் என்றால், என் வாயாலேயே. இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். இரண்டும் வெளியே வர மாட்டேன் என்றது.

"தெரியலம்மா."

"நிஜமாவே தெரியலையா?"

"தெரியல."

"நல்லவேளை" என்றாள். "நீங்க பட்டுன்னு சொல்லியிருந்தா பயந்திருப்பேன்."

அப்புறம் நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து உள்ளே போனாள். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தத்துக்கு அடியில் அவள் சத்தமும் கேட்டது. நான் கதவுக்கு வெளியே சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். ரேஷன் கடையிலிருந்து திரும்பிய அந்த அக்கா, "இன்னா அண்ணா, உள்ள கொழா தொறந்தே கீதே? டாங்க் காலியாயிடும்" என்றார்.

"இருக்கட்டும்க்கா. ஓடட்டும்."

என் முகத்தைப் பார்த்ததும் அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். பின்பக்கம் போய் மோட்டார் ஸ்விட்சைப் போட்டார்.

மறுநாள் காலையில் இளநீரைக் குடித்தபடியே அவள் தன் முடிவைச் சொன்னாள். "திங்கக்கிழமை போறேன். என்ன மருந்துன்னு தெரிஞ்சு, நானே நடந்து போறேன். பொண்ணுக்காகப் போய்ப் பாக்கறேன். ஆனா போதும்னு நான் சொன்னா, அன்னிக்கோட நிறுத்தணும். பொண்ணு அழுவா, எங்க அண்ணன் குதிப்பாரு. நீங்க என் பக்கம் நிக்கணும். நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"தண்ணி வேணுமா?"

"வேணாம்."

மீதியிருந்த நேரத்தை அங்கேயே கழித்தோம். வலி வந்தால் இப்போது என் எதிரிலேயே முனகினாள், திட்டினாள், முதுகைப் பிடித்துவிடச் சொன்னாள். அந்த வீட்டில் கிடைத்த நல்ல நேரம் அதுதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கிளம்பும்போது அந்த அக்கா ஒரு வாழைத்தாரையே ஆட்டோவில் ஏற்றினார். "அடுத்த மழைக்கும் வாங்க" என்று அவள் கையைப் பிடித்தார். "உங்க வூட்டுக்காரன் மழை வந்துச்சுன்னா போன் பண்ணுங்கக்கா, வரேன்" என்றாள் இவள்.

ஆஸ்பத்திரிக்கு அவளே நடந்துதான் போனாள். டாக்டரிடம், "எனக்குத் தெரியும் சார், என்னை எடை பாக்க அனுப்ப வேணாம்" என்றாள். மருந்து ஏறியது. அந்த இரும்பு ருசியும் வந்தது. முடி திரும்பக் கொட்டியது. இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவைக்குக் கிளம்ப வேண்டிய தை மாதக் காலையில், செருப்பைக் காலில் மாட்டிவிட்டுத் திரும்பக் கழற்றினாள். "போதுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் செய்தேன். மகளுக்கும் நான்தான் செய்தேன். "உங்களை யாருப்பா சொல்லச் சொன்னா? சொல்லாம இருந்திருந்தா அம்மா நிறுத்தியிருக்கவே மாட்டாங்க" என்று கத்தினாள். தாய்மாமன் நேரில் வந்தே கத்தினார். நான் அவள் பக்கம் நின்றேன். நின்றேன் என்பதைத் தவிர அதில் பெருமை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் வலி மருந்து எல்லாம் சேர்ந்தும் போதாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் நான் செய்தது சரியா என்று சுவரைக் கேட்டிருக்கிறேன்.

மாசி முடிவதற்குள் போய்விட்டாள். வெயில் ஏறி, போன் அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால். அவள் காரியம் முடிந்த வாரமே சீசன் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் கம்ப்ரஸர் போயிருந்தது. தண்ணீர் கேட்காமல் நின்றபடியே சொன்னேன். அந்த வீட்டுக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "தெரியல சார், நீங்கதான் யோசிச்சு சொல்லணும்" என்றேன். இந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

இதோ, மறுபடியும் ஐப்பசி. போன் ஊமையாகிவிட்டது. மகள் நான்கு நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். நேற்று மத்தியானம் இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைத்தோம். தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தபோது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"மாடம்பாக்கத்துல அப்படி என்னதான்பா பேசினீங்க ரெண்டு பேரும்? நோயைப் பத்தி அம்மா ஏன் உங்ககிட்ட மட்டும் கேட்டாங்க? என்கிட்ட ஏன் கேக்கல?"

வெளியே வாடகைக்காரன் மழை தூறிக்கொண்டிருந்தது. இதை அவளிடம் நான் இன்னும் முழுசாகச் சொன்னதில்லை. அதுவரை அவள் கேட்டதுமில்லை.

"சொல்றேன். இரு" என்று எழுந்தேன். சமையலறைக்குப் போய், அந்தச் சொம்பில் தண்ணீர் பிடித்து, டம்ளரைக் கவிழ்த்து, நானே எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.